உப்புத் தண்ணீருக்குள் போன அலை

அன்று காலை ஜெனிபர் லேப் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஐந்து மாதக் கர்ப்பிணி. ஒரகடத்தில், செல்போன் அலை உடம்பில் எவ்வளவு இறங்குகிறது என்று சோதிக்கும் எங்கள் லேபில் திரவம் கலப்பது அவள் வேலை. தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் சேர்த்துக் கலந்தால், போனின் மைக்ரோவேவ் அலைக்கு அது மனிதச் சதையைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். தினமும் அதன் பெர்மிட்டிவிட்டியையும், அதாவது மின்புலத்துக்கு அது எவ்வளவு இணங்குகிறது என்பதையும், மின்கடத்துதிறனையும் அளப்போம். கொஞ்சம் தண்ணீர் ஆவியானாலும் இரண்டும் மாறிவிடும்.

"இந்த வேலை வயித்துப் புள்ளைக்கு ஆவாதுன்னு பக்கத்து வூட்ல சொல்றாங்கக்கா," என்றாள்.

"ஒண்ணும் ஆவாதும்மா, போய் வேலையப் பாரு," என்று மேனேஜர் நடையைக் கட்டினார். அவள் அழ ஆரம்பித்தாள். ஃபேக்டரி லைனில் நின்று வேலை செய்தபடியே படித்து லேபுக்கு வந்தவள். வேலையை விட மனமில்லை, உள்ளே வரவும் பயம்.

"நீ வராத. கண்ணாடி வழியா மானிட்டரப் பாரு," என்றேன்.

தொட்டிக்கு அடியில் போனை வைத்து, திரவத்துக்குள் அலையை அளக்கும் புரோபை இறக்கினேன். அடியில் ரீடிங் உச்சத்தில் இருந்தது. மெல்ல மேலே தூக்கத் தூக்கக் கோடு சரிந்தது.

"இன்னாக்கா இப்டி எறங்குது?"

"அலை வந்து இழுக்கும்போது தண்ணி மூலக்கூறு திரும்பித் திரும்பி ஆடுது, உப்பு அயனி ஓடுது. அதுலயே அலையோட சக்தி சூடா மாறிடுது."

"அப்ப என் வயித்துல கீற தண்ணியும் அப்டியே தடுத்துடுமா?"

ஆமாம் என்ற சொல் வாய்வரை வந்தது.

"தெரியல ஜெனி. தொட்டியில ஒரே தண்ணி. வயித்துல தோல், கொழுப்பு, சதைன்னு எவ்வளவோ இருக்கு. அத டாக்டர்கிட்ட கேப்போம். நீ உக்கார்ற எடத்துல எவ்ளோ வருதுன்னு மட்டும் நான் அளந்து காட்டுறேன்."

தொட்டியடியில் போன் ஓடிக்கொண்டிருக்க, கைமீட்டரை அவள் நாற்காலியருகே பிடித்தேன். முள் அசையவே இல்லை. வெளியே வந்து பிடித்தபோது, அவள் பையிலிருந்த சொந்தப் போனுக்குப் பக்கத்தில்தான் எகிறியது. அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

மாலையில் குன்றத்தூர் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். தாராளமாக வேலை செய்யலாம் என்றார் அவர். பிரசவ விடுப்பு வரை ஜெனிபர் வந்தாள்.

குழந்தையைப் பார்க்கப் போனபோது அதை என் மடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்களும் ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வேலைய வுட்டு நின்னிருப்பேன்க்கா. தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் நீங்க காட்டுன ரீடிங்க நம்புனேன்."

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அளந்ததைச் சொல்லுங்கள். அளக்காததைக் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்தவரிடம் கூடவே போங்கள்.