மீடியம் உடம்பு

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வீட்டுக்கு மூத்தவள். பிறந்தபோது முதுகு நேராகத்தான் இருந்தது. வளர வளர லேசாக வளைந்து, இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை தாழ்ந்துவிட்டது. கொஞ்சம் தொளதொளவென்று சட்டை போட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாமல் இருக்க அவள் அம்மா விட்டால்தானே.

"முதல் கோணல் முற்றும் கோணல்னு சும்மாவா சொன்னாங்க? நல்லவேளை, ரெண்டாவது நேரா வந்துச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பே பெயராகிவிட்டது. கோணல், தண்ணி கொண்டா. கோணல், கதவைச் சாத்து. தங்கைக்குப் பேச்சு வந்தபோது "அக்கா" என்பதற்கு முன்னால் அந்தச் சொல்தான் நாக்கில் ஏறியது. பல நாள் அதை எல்லோரும் ஆசையாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்த ஒருவன் அவளை விரும்பினான். வீட்டுக்கு வந்தான். அவள் டீ போட உள்ளே போன நேரத்தில் அம்மா அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "முதுகைப் பார்த்துட்டீங்கல்ல தம்பி? பின்னால எங்களைக் குத்தம் சொல்லக்கூடாது பாருங்க" என்றாள். அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்றுதான் அவனும் சொன்னான். ஆனால் அதற்கப்புறம் அவளோடு நடக்கும்போதெல்லாம் அவன் கண் தோளுக்கே போயிற்று. கொஞ்ச நாளில் வேறு கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

தன் முதுகைத் தானே படம் எடுத்துப் பெரிய டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். "இதெல்லாம் ஒரு வளைவா? மறந்துட்டு வேலையைப் பாரு" என்றார் அவர். படம் பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அம்மா சொன்னது படத்துக்கு ரொம்ப முந்தியே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

தங்கை அழகி. கல்யாணத்துக்குப் பிறகும் புருஷனோடு அதே வீட்டில்தான் இருந்தாள். பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். வாய்க்கும் கத்தரிக்கோலுக்கும் ஓய்வே கிடையாது. அவள் புருஷன் வாங்கி இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் போட்ட மலை சைக்கிள் ஒன்று மாடிப்படிக்குக் கீழே தூசி பிடித்துக் கிடந்தது. ஒரு விடுமுறை நாளில் அக்கா அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு, ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றுப் பாதையில் ஏறினாள். மேலே யாரும் இல்லை. முதுகைப் பார்க்க யாரும் இல்லாத இடத்தில் மூச்சு வாங்குவதும் சுகமாக இருந்தது. அடுத்த விடுமுறைக்கும் போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள்.

இறங்கி வந்தால் இடுப்பும் கழுத்தும் விண்விண்ணென்று வலிக்கும். சைக்கிள் அந்த நெட்டை மனுஷனுக்கு வாங்கியது, அதனால் வலிக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் கோணலால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊர் ஓரத்தில் ஒருவர் ஸ்டீல் குழாய்களை வெட்டி, பற்றவைத்து, கையாலேயே மலை சைக்கிள் ஃப்ரேம் செய்வதாகக் குன்றில் சந்தித்த ஒருவர் சொன்னார். அளவெடுத்தும் செய்து தருவாராம். அன்று சாப்பிடும்போது அதை வீட்டில் சொன்னாள்.

"பின்ன, உனக்குத் தனியாத்தான் செய்யணும். கடையில தொங்குறது எது உனக்குச் சேரும்?" என்றாள் தங்கை. "நானும் வர்றேன். உன்னை அளக்கும்போது அந்த ஆளு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க ஆடுறவளே கோணல்" என்றாள் அம்மா. தங்கை புருஷன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான்.

தங்கை காரிலேயே போனார்கள். ஃப்ரேம்காரரின் பட்டறை ஒரு பழைய லாரி ஷெட். உள்ளே இரும்பு சுட்ட வாசனை. சுவரில் பெயின்ட் அடிக்காத ஃப்ரேம்கள் வரிசையாகத் தொங்கின. அவர் முகம் பார்த்துப் பேசுகிறவர் இல்லை. வேலை கெட்டது என்ற எரிச்சல் குரலில் தெரிந்தது.

"இதெல்லாம் ஸ்டாக். ஸ்மால், மீடியம், லார்ஜ். இதுவும் என் கையால செஞ்சதுதான். அளவெடுத்துச் செஞ்சாலும் அதே குழாய், அதே கை. என்ன, அது உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் சேரும். காத்திருக்கவும் வேணும். எது வேணும்?"

"அளவெடுத்துத்தான். என் உடம்பு..." என்று அவள் தொடங்கினாள்.

"உடம்பைப் பத்தி டேப் சொல்லும். செருப்பைக் கழட்டிட்டு சுவத்தோட நில்லுங்க."

கால், உடல், கை, தோள் என்று அளந்தார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் நின்றாள். அவர் மேஜைக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்து ஒரு ஃப்ரேமை இறக்கி வைத்தார்.

"மீடியம்" என்றார்.

"என்ன?"

"தனியா செஞ்சா இதேதான் மறுபடி வரும். நீங்க அப்படியே மீடியம். உங்களை மாதிரி ஆளுங்களை வச்சுத்தான் மீடியம்னு ஒண்ணை நான் முடிவு பண்ணதே."

"என் தோள் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கே?"

"எல்லாருக்கும் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். கைப்பிடியில ரப்பர் மாத்திக்கலாம். அதுக்கு எதுக்கு ஃப்ரேம்?"

அவள் அந்த ஃப்ரேமையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம் வரவில்லை, ஏமாற்றமாக இருந்தது. இத்தனை வருஷம் எதற்காக ஓரமாக நின்றோம் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ கசந்துகொண்டு வந்தது.

தங்கைக்கு விளையாட்டு பாதியில் நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. "அப்ப என்னையும் அளங்க" என்று செருப்பை உதறிவிட்டு வந்து நின்றாள். அளந்தார். கணக்குப் போட்டார். மறுபடி ஒரு தடவை அளந்தார்.

"நீங்கதான் சேரமாட்டீங்க" என்றார். "கால் நீளம், மேலுடம்பு கட்டை. லார்ஜ் எடுத்தா கைப்பிடி எட்டாது, கை விறைச்சு நிக்கும். கல்லுப் பாதையில இறங்கும்போது முழங்கை மடங்கணும். இல்லைன்னா ஒரு சின்னக் கல்லு போதும், தூக்கி எறிஞ்சிடும். மீடியம் எடுத்தா குனிஞ்சே சாகணும். உங்களுக்கு அளவெடுத்துத்தான் செய்யணும்."

காரில் யாரும் பேசவில்லை. தங்கை கியரைப் போட்டு இழுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்த மௌனம் தித்தித்தது.

மீடியம் சைக்கிள் வந்தது. அதில் ஏறியதும் இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. கூடவே அவள் நாக்குக்கும் ஒரு முனை முளைத்துவிட்டது. "பார்த்து உட்காரு, அது ரெடிமேட் நாற்காலி. உனக்குச் சேராது" என்று தங்கையிடம் சொல்வாள். புடவை எடுக்கப் போனால், "இவளுக்கு நெய்யச் சொல்லித்தான் வாங்கணும்" என்பாள். தங்கை புருஷன் எதிரில், தங்கை கடையில் முடி வெட்ட வந்தவர்கள் எதிரில் சொன்னாள். ஒருநாள் தங்கை பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தாள். சிவந்த கண்ணை அக்கா பார்த்தாள். அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது.

ரோஷம் பொறுக்கவில்லை தங்கைக்கு. தானும் ஒரு சைக்கிள் வாங்கிக் குன்றில் ஏறிக் காட்டவேண்டும் என்று பிடிவாதம் வந்தது. ஆனால் அளவெடுத்துச் செய்யச் சொன்னால் தான் சேராதவள் என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. கடைசியில் ஆஸ்பத்திரிக்கே தேடி வந்து, எக்ஸ்ரே அறை வாசலில் நின்றாள்.

"அக்கா, அந்த ஆளு சொன்னது நிஜமாவே அவ்வளவு முக்கியமா? நீதான் ஓட்டுறியே, சொல்லு."

அவள் அக்கா என்று கூப்பிட்டதே அபூர்வம். ஃப்ரேம்காரர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அக்காவுக்கு நினைவிருந்தது. கை விறைச்சு நிக்கும். ஒரு சின்னக் கல்லு போதும்.

"அவர் கிடக்காரு. ரெடிமேடே போதும்" என்றாள். "தனியா செய்யறதெல்லாம் உடம்புல குறை இருக்கிறவங்களுக்கு. உனக்கென்ன குறை?"

தங்கை நேராகப் பட்டறைக்குப் போய் லார்ஜ் கேட்டாள். ஃப்ரேம்காரர் மறுபடியும் சொல்லிப் பார்த்தார். கேட்கிற நிலையில் அவள் இல்லை. "சமதளத்துல ஓட்டுங்க. கல்லு இறக்கத்துக்கு மட்டும் போகாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதையும் அவள் சிரித்துக்கொண்டே அக்காவிடம் சொன்னாள்.

அந்த விடுமுறையில் இருவரும் குன்றில் ஏறினார்கள். ஏற்றத்தில் தங்கைக்குச் சிரமம் இல்லை. நீளக் கால் நன்றாக மிதித்தது. உச்சியில் தண்ணீர் குடித்தார்கள். கீழே இறங்க இரண்டு வழி. வண்டித் தடம் ஒன்று, சுற்றிப் போகும். இன்னொன்று கல்லும் வேருமாக நேராக இறங்கும்.

"எந்த வழி?" என்று தங்கை கேட்டாள்.

"என் பின்னாலயே வா" என்று சொல்லிவிட்டு அக்கா கல் பாதையில் சைக்கிளை விட்டாள்.

சத்தம் கேட்டதும்தான் திரும்பிப் பார்த்தாள். சைக்கிள் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். வலது முழங்கை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. ஓடி வந்து தூக்கினாள், துப்பட்டாவால் கையைக் கட்டினாள், ஆட்களைக் கூப்பிட்டாள். எல்லாம் முறையாகச் செய்தாள். கை நடுங்கவே இல்லை. அதுதான் அவளைப் பிற்பாடு பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்ப்பவள், "நீ வெளிய இரு, உன் தங்கச்சிக்கு நான் படம் எடுக்கறேன்" என்றாள். "வேணாம்" என்று அக்காவே, கதிர் படாமலிருக்கப் போடும் ஈயக் கோட்டை மாட்டிக்கொண்டாள். இப்படி நொறுங்கிய கையை மடங்கினபடியே வைத்து எடுக்கலாம், டாக்டர்களும் ஒப்புக்கொள்வார்கள். அவள் அதை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டிப் பலகையில் வைத்தாள். தங்கை போட்ட கூச்சலில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். படம் தெளிவாக வந்தது. மூன்று துண்டு.

ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது. முழங்கை மட்டும் கல்லாகிவிட்டது. நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. தலை உயரத்துக்குத் தூக்க முடியாத கையால் எப்படி முடி வெட்டுவது? கடையில் சம்பளத்துக்கு ஆள் போட்டுவிட்டு, தங்கை கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பழைய வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருவராக வேறு கடைக்குப் போனார்கள்.

"எல்லாம் இந்தக் கோணலால வந்தது. இவ வாங்கினதைப் பார்த்துத்தானே அவளும் வாங்கினா" என்று அம்மா நாள் முழுக்கப் பொருமினாள். ஆயுசில் அம்மா தன்னைப் பற்றிச் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை என்று அக்காவுக்குத் தோன்றியது.

ஒரு மத்தியானம் தங்கை அவள் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீ தெரிஞ்சுதானே ரெடிமேட் வாங்கச் சொன்ன?"

"ஆமா."

"அந்தப் பாதைக்கும்?"

"ஆமா. இவ்வளவு ஆகும்னு நினைக்கல. கொஞ்சமாவது ஆகணும்னு நினைச்சேன்."

தங்கை தலையை ஆட்டினாள். கோபமோ அழுகையோ வரவில்லை. பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, தழும்போடு இருந்த கையை அக்கா மடியில் வைத்தாள்.

"தினம் இதை நீட்டி மடக்கிவிடணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. வலி உயிர் போகுது. அவரு, ரெண்டு தடவை முனகினா விட்டுடறாரு. அம்மா தொட்டதுமே அழுதுடறா. இப்படியே போனா கை அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீதான் சரி. உனக்குத்தான் என்மேல பாவம் பார்க்க வராது."

அக்கா அந்தக் கையை எடுத்தாள். எந்த எலும்பு எங்கே இருக்கிறது, எதுவரை அழுத்தலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தங்கை துண்டைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். வீடு அதிர்ந்தது. அம்மா கதவைத் தட்டித் திட்டித் தீர்த்தாள். அக்கா விடவில்லை.

மறுநாளும் விடவில்லை. மழைக்காலம் முடிகிறவரை ஒரு நாளும் விடவில்லை. கை முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் ஆளைத் தாழ்வான நாற்காலியில் உட்காரவைத்தால் தங்கையால் கத்தரிக்கோல் பிடிக்க முடிந்தது. பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். அந்த அறையில் அவர்கள் இருவரும் வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. முடிந்ததும் தங்கை முகத்தைக் கழுவிக்கொண்டு கடை திறக்கப் போவாள். அக்கா டியூட்டிக்குக் கிளம்புவாள்.