குந்துங்க, எந்திரிக்காதீங்க

லெப்டொப்பைத் திறப்பதற்கு முன் விஜிதரன் முக்காலியைத் தேடுவார். ஹட்டன் கடைத்தெருவில், ஒரு சலூனுக்கு மேல்மாடியில் இருக்கிறது அவருடைய கணினி திருத்தும் கடை. முக்காலியைச் சுவர் பிளக்குக்கு முன்னால் போட்டு, லெப்டொப்பின் சொந்தக்காரரையே அதில் காவலுக்கு உட்காரவைப்பார். "குந்துங்க. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க. பெட்டரிய நம்ப முடியாது, வயருல கால் பட்டுச்சுன்னா உள்ள இருக்கிறதெல்லாம் போச்சு."

இந்தச் சடங்கு எல்லா வேலைக்கும் கிடையாது. டிஸ்க்கில் விண்டோஸின் இடத்தைச் சுருக்கி, பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தைக் குடியேற்றும் வேலைக்கு மட்டும்தான். மற்ற கடைக்காரர்கள் உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவார்கள். விஜிதரனுக்கு அது ஆகாது. "இருக்கிறவன வெரட்டிட்டு இன்னொருத்தன வைக்கிறது என்னா ஞாயம்? கொஞ்சம் நகந்து குந்துடான்னா குந்தப் போறான்."

ஊருக்கெல்லாம் இப்படி நியாயம் பேசும் மனிதர், சொந்த வீட்டில் ஒரு சாண் நகரமாட்டார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அவருடைய காம்பரா ஒற்றை அறை. தம்பி துஷாந்துக்கு ஆவணியில் கல்யாணம். நடுவே பலகை அடித்துத் தடுத்தால் புதுப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு பாதி கிடைக்கும். ஆனால் சரியாக அந்த நடுவிடத்தில்தான், என்றாவது உயிர் வரும் என்று விஜிதரன் சேர்த்துவைத்த செத்த மொனிட்டர்கள் கூரையைத் தொடுகின்றன. தம்பி வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் சாரலில் படுத்து இருமுகிறான். படுக்க இடமில்லாத வீட்டுக்கு எப்படிப் பெண்ணை அனுப்புவது என்று பெண்வீட்டார் முகத்தைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். "பாப்போம், பாப்போம்" என்பார் அண்ணன்.

போன சனிக்கிழமை, அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ஜெயந்தினி டீச்சர் லெப்டொப்போடு வந்தார். மேற்படிப்புக்கு லினக்ஸ் வேண்டுமாம். டீச்சரும் முக்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் பென்டிரைவுல எடுத்து வச்சிட்டீங்களா?"

"எடுத்தாச்சுங்கண்ணே."

விஜிதரன் நம்பவில்லை. பென்டிரைவை வாங்கித் திறந்தார். கோயில் திருவிழாப் படங்கள் மட்டும் இருந்தன. முணுமுணுத்துக்கொண்டே மீதியை அவரே பிரதியெடுத்தார்.

பிறகு சுருக்கப் பார்த்தார். டிஸ்க் பாதிக்குமேல் காலியாகக் கிடந்தும் சுருங்க மறுத்தது.

"எடம் இல்லாம இல்ல டீச்சர். நகராத பைல் ஒண்ணு நட்டநடுவுல குந்திக்கிட்டு இருக்கு. அதுக்கு அந்தப் பக்கம் பூரா சும்மாதான் கெடக்கு. தடுக்கத்தான் விடமாட்டேங்குது."

"அது எப்பண்ணே நகரும்? ஆவணிக்குள்ள நகந்துருமா?" என்றார் டீச்சர், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

விஜிதரன் திரைப் பக்கம் குனிந்தார். அந்த பைலை முடக்கி, லெப்டொப்பை அணைத்துப் போட்டு, மறுபடி சுருக்கினார். காலியிடம் அகலமாக வந்து திரையில் நின்றது. லினக்ஸ் ஏறி முடியும்வரை அவர் டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை. வெட்கத்தில் காது சிவந்திருந்தது.

அன்று பொழுது இருக்கும்போதே கடையைப் பூட்டினார். பஸ்ஸில் முக்காலியையும் ஏற்றிக்கொண்டார்.

"கடச்சாமான எதுக்குங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?" என்று மனைவி சுலக்ஷனா கேட்டாள். அவர் முக்காலியை அறை மூலையில் போட்டு, தம்பியைக் கூப்பிட்டார்.

"குந்துடா. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காத."

துஷாந்த் ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்தான். விஜிதரன் உச்சியிலிருந்த மொனிட்டரை இறக்கி, சட்டைக் கையால் அதன் முகத்தைத் துடைத்து, வெளியே கொண்டுபோய், தம்பி பாய் விரிக்கும் இடத்தில் வைத்தார்.