லிஸ்ட் எழுத வந்த சேர்

கீழ் வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கியிருக்கிறார். காரைவிட அதை மூடுகிற நீலத் தறப்பாளில்தான் அவருக்கு உயிர் என்று எனக்கு ஒரு சந்தேகம். காலையில் மடிப்பார், மாலையில் விரிப்பார். போன கிழமை விடாமல் மழை பெய்து, வெள்ளிக்கிழமை காலையில் சுள்ளென்று வெயில் எறித்தது. நனைந்த தறப்பாள் சூடேறி அதன் வாசம் இரண்டாம் மாடிவரை ஏறி வந்தது. யன்னலடியில் நின்று நான் அதை இழுத்து இழுத்து மணந்துகொண்டிருந்ததை மனைவி பார்த்துவிட்டாள்.

"என்ன, நமக்கும் கார் வாங்கப் போறீங்களா?"

"சும்மா நிக்கிறன்" என்றேன். அவளுக்கு விளக்கப் போனால் தேத்தண்ணி ஆறிப்போகும். மல்லிகை மணத்தில் பழைய நாட்கள் நினைவுக்கு வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு அமைந்தது தறப்பாள்.

தொண்ணூறில், போருக்குள் ஆயுதக்காரர் விரட்ட, மன்னாரை விட்டு எங்கள் முஸ்லிம் சனம் எல்லாம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. புத்தளத்துக்கு வடக்கே, களப்புக் கரையில் இருக்கிற கரைத்தீவில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் காட்டினார்கள். அதில் நாலு கம்பை நட்டு, நிவாரணத்தில் கிடைத்த தறப்பாளைப் போட்டதுதான் வீடு. பகலில் அதற்குள் இருந்தால் அவிந்து போவோம். பிறகு தறப்பாள் போய்த் தென்னோலைக் கிடுகு வந்தது, கிடுகு போய் அரைச் சுவரும் கிடுகுமாக ஆனது, பிறகு ஓடு. ஒவ்வொன்றுக்கும் உம்மா வாப்பாவோடு சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. "இன்னும் ஆறு மாசத்தில திரும்பிப் போற ஆக்களுக்கு எதுக்கு ஓடு?" என்பார் வாப்பா. அந்த ஆறு மாசம் இருபது வருசம் நீண்டது. முற்றத்தில் ஒரு தென்னம்பிள்ளை நடக்கூட அவர் விடவில்லை. குசினிக்குப் பின்னால் உம்மா களவாக ஒன்றை நட்டுவிட்டு, தானாக முளைத்தது என்று சாதித்தா. தேங்காய் தானாக உருண்டு வந்து குழி தோண்டிப் படுத்துக்கொண்டது என்பதை வாப்பா நம்பினாரோ இல்லையோ, பிறகு அதற்குத் தண்ணீர் ஊற்றியது அவர்தான்.

நாட்டில் போர் முடிந்ததற்கு அடுத்த வருசம். நான் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு இல்லை என்று உம்மாவுக்குப் போனில் சொல்லியாயிற்று. மறுபக்கத்தில் "பரவால்ல மகன்" என்ற சத்தம் கேட்டது. பரவாயில்லை என்று உம்மா சொன்னால் பரவாயிருக்கிறது என்று பொருள். கடைசி நேரத்தில் முதலாளி என்னவோ மனமிரங்கி ரெண்டு நாள் தந்தார். நான் உடனே போனை எடுக்க, அதைப் பறித்தவன் றிஸ்வான்.

றிஸ்வான் கரைத்தீவில் எங்கள் அடுத்த வேலிக்காரன். அகதிப் பிள்ளைகளாக ஒரே வரிசையில் வாளியோடு நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் கொழும்பில் கலியாணங்களுக்கு வேன் ஓடினான். "சொல்லாமப் போவம் மச்சான். உம்மாட முகத்தப் பாக்கணும்" என்றான். முதல் நாள் கலியாணத்தின் பிளாஸ்டிக் பூமாலை வேனின் முன்பக்கத்தில் அப்படியே கிடந்தது. அதைக் கழற்ற நேரமில்லை. நீர்கொழும்பு தாண்டும்வரை சனம் எங்களை எட்டி எட்டிப் பார்த்தது, மாப்பிள்ளை யார் என்று தெரியாமல் குழம்பியிருக்கும்.

சிலாபத்தில் இறங்கித் தேத்தண்ணி குடித்தோம், மீன் வைத்த மாலு பாண் தின்றோம். பெருநாளுக்கு முந்திய நாள், அரபா நோன்பு. வீட்டில் உம்மா நோன்போடு இருப்பா என்று சொல்லிப் பாதிப் பாணைக் கீழே வைத்தேன். பயணக்காரருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று றிஸ்வான் விளக்கம் சொன்னான், மூன்றாவது பாணைக் கடித்தபடி.

சிலாபத்துக்கு அங்கால் ஒரு பழைய சோதனைச் சாவடி. மண்மூட்டைகள் அப்படியே இருந்தன, ஆனால் இப்போது யாரையும் மறிப்பதில்லை. றிஸ்வான் வேனை நிறுத்தினான். நான் இறங்கி அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். நிழலில் கதிரை போட்டு இருந்த ஆமிக்காரப் பையன் எங்களை அதிசயமாகப் பார்த்து, "யன்ன, யன்ன" என்று கையை வீசிச் சிரித்தான். போகச் சொல்கிறான் என்று விளங்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பழக்கதோசம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று வேனுக்குள் ஏறியதும் வயிறு நோகச் சிரித்தோம்.

பத்துளுஓயாவில் கடல்பக்கம் திரும்பினால் உடப்பு. அங்கே குமரன் இருந்தான். கடையில் என்னோடு மூன்று வருசம் வேலை செய்தவன், ஒரே அறை, ஒரே நுளம்பு வலை. கலியாணம் முடித்ததும் கடலே போதும் என்று ஊருக்குப் போய்விட்டான். போன் நம்பரும் மாறிப்போயிற்று. எங்கள் பெருநாளுக்கு ஒருதரம் வருகிறேன் என்று அவன் சொன்னது வருசக்கணக்காக அப்படியே கிடந்தது. விசாரித்து விசாரித்துப் போனபோது, கிணற்றடியில் சோப்பு நுரையோடு ஒரு பிள்ளையை அமுக்கிப் பிடித்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது, ஆருக்குக் கலியாணம்?" என்றான் பூமாலையைப் பார்த்து. பிறகு ஓடிவந்து ஈரக் கையோடு கட்டிப்பிடித்தான்.

பிள்ளையைத் துடைத்து மனைவியிடம் கொடுத்துவிட்டு, பெருநாளுக்கு எங்களோடு வெளிக்கிட்டான். கோயிலுக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் மட்டும் போடுகிற வெள்ளை நீளக்கைச் சட்டை, பையில் ஒரு பேனை, கையில் பெரிய பாரை மீன். பார்த்தால் கந்தோர் உத்தியோகத்தர் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுபோல் இருந்தது. அந்தச் சட்டைதான் எனக்கு யோசனை தந்தது. றிஸ்வான்தான் என்று பல இடங்களில் நான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், யோசனை என்னுடையது.

எங்கள் குடியிருப்பில் இருபது வருசமாக யாராவது ஒருவர் வந்து லிஸ்ட் எழுதிக்கொண்டே இருந்தார். அரிசிக்கு லிஸ்ட், கக்கூசுக்கு லிஸ்ட், வோட்டுக்கு லிஸ்ட். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் படலையில் நின்று இருமினாலே போதும், உம்மா அலுமாரியில் இருந்து பதிவுக் கடதாசிகள் போட்ட பையை எடுத்துவிடுவா. வாப்பா வீட்டில் இல்லாவிட்டால் அந்நிய ஆண்களோடு வாசல் திரைக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பா. முகம் பார்க்க மாட்டா. குமரனின் குரல் உம்மாவுக்குத் தெரியாது. இதைவிட வாய்ப்பு வேறென்ன வேண்டும்?

புத்தளம் டவுனில் கழுதைகளுக்கு வழிவிட்டு, கரைத்தீவுக்குப் போய்ச் சேரப் பின்நேர அசறுத் தொழுகை நேரம் ஆகிவிட்டது. வேனைத் தூர நிறுத்தினோம். நானும் றிஸ்வானும் வேலிக்கு இந்தப் பக்கம் குந்தினோம். குமரன் படலையில் நின்று இருமினான்.

"ஆரு?"

"லிஸ்ட் எழுத வந்திருக்கம் அம்மா. மன்னாருக்குத் திரும்பிப் போறாக்கள்ட லிஸ்ட்."

"புள்ளயள்ட வாப்பா பள்ளிக்குத் தொழப் போயிட்டார் சேர்."

"பரவாயில்ல, நீங்களே சொல்லுங்க. எத்தின பேர்?" குமரன் பேனையை எடுத்தான். றிஸ்வான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

திரை ஒருதரம் அசைந்தது. கடதாசிப் பையை எடுக்கப் போயிருக்கிறா என்று நினைத்தேன். பிறகு உம்மாவின் குரல் கிட்ட வந்து, தணிந்து கேட்டது.

"சேர், ஒண்டு கேக்கட்டா? போன மாசம் இவர் குடுத்த லிஸ்ட்டில என்ட பேரும் இருக்கு. அத வெட்டிவிட ஏலுமா?"

இது எங்கள் நாடகத்தில் இல்லை. குமரன் என்னைப் பார்த்தான். வாப்பா பேர் கொடுத்ததே எனக்குத் தெரியாது.

"ஏன் அம்மா?"

"எனக்குப் போக விருப்பமில்ல சேர். இவரிட்டச் சொல்ல ஏலாது. இருவது வருசமா மனுசன் இத நினைச்சுத்தான் உசிரோட இருக்கார். ஆனா ஒரு தறப்பாள்ல துவங்கி இந்த வீட்ட இழுத்து நிமித்தினது நான். அங்க போய் இன்னொருக்காத் தறப்பாளுக்குக் கீழ இருக்க எனக்குத் தெம்பில்ல. நீங்க வெட்டிட்டு, கந்தோர்ல பேர் விடுபட்டுப் போச்செண்டு சொல்லுங்க. அவர் என்னை விட்டிட்டுப் போக மாட்டார்."

"நான்... மேல கதைச்சுப் பாக்கிறன் அம்மா" என்றான் குமரன். றிஸ்வானின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது.

அப்படியே எழும்பி வேனுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அடுத்த வளவில் இருந்து றிஸ்வானின் உம்மா எங்களைக் கண்டு, "யா அல்லாஹ், புள்ளயள் வந்திருக்கு!" என்று கத்திவிட்டா. உம்மா திரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தா. என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. கூடிய சனம் எல்லாம் சந்தோசக் கண்ணீர் என்றது. பிறகு உம்மா தலையை நிமிர்த்தி, வெள்ளைச் சட்டையோடும் பேனையோடும் நின்ற குமரனைப் பார்த்தா. அவன் பேனையைச் சட்டைப் பையில் செருகினான். "அம்மா, மீன்" என்று பாரையை நீட்டினான்.

குசினியில் மீன் வெட்டும்போதுதான் உம்மா வாய் திறந்தா.

"கேட்டுட்டுத்தானே இருந்த?"

"ஓம் உம்மா."

"நல்லதாப் போச்சு. நான் ரெண்டாந்தரம் சொல்லத் தேவையில்ல. நீ வாப்பாட்டக் கதை. நீ சொன்னாக் கேப்பார்."

"கதைக்கிறன்" என்றேன். எவ்வளவு இலேசாகச் சொன்னேன் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொன்னது. வாப்பா பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார், நோன்பில்லாத நாங்கள் மூவரும் தலையைக் குனிந்துகொண்டு ஆளுக்கொன்று எடுத்தோம். தொழுதுவிட்டு வந்து பாயில் இருந்ததும் வாப்பா என் முழங்காலில் தட்டினார்.

"உனக்குப் போன்ல சொல்லாம வச்சிருந்தன். முகத்தப் பாத்துச் சொல்லணுமெண்டு. நம்மட காணிய நான் போய்ப் பாத்திட்டன் மகன்."

வாப்பாவும் தன் பங்குக்கு எனக்கு ஒரு ஆச்சரியத்தை ஒளித்து வைத்திருந்தார். எல்லாம் காடாகக் கிடந்ததாம். வீடிருந்த இடத்தில் பாலை மரம் நின்றதாம். பற்றையை வெட்டி வெட்டிப் போய்க் கிணற்றைக் கண்டுபிடித்து, ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தாராம். தண்ணீர்ச் சத்தம் கேட்டதாம். கூடப் போனவனின் வாளியைக் கயிற்றில் இறக்கி அள்ளிக் குடித்தாராம். "அதே ருசி மகன். இஞ்சத்த உப்புத் தண்ணி மாதிரியில்ல. அதே ருசி." இப்போதுதான் குடித்ததுபோல் வாயைத் துடைத்துக்கொண்டார். என் வாப்பா அப்படிக் கதைத்து நான் முன்பு கண்டதில்லை. கரைத்தீவில் அவர் எப்போதும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மனிதரைப் போலத்தான் இருந்தார்.

"என்ன சொல்ற மகன்? போவமா?"

குமரன் என்னைப் பார்த்தான். றிஸ்வான் பாயைப் பார்த்தான். குசினித் திரைக்கு அந்தப் பக்கம் அகப்பைச் சத்தம் நின்றது. நான் சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். ஒரு வாக்கியம்தான்.

"நல்ல விசயம் வாப்பா. போவம்" என்றேன்.

கோழைத்தனம் என்று இன்று சொல்கிறேன். அன்று அதற்குப் பாசம் என்று பேர் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அகப்பைச் சத்தம் மறுபடி கேட்டது. உம்மா கறி கொண்டுவந்து வைத்தா, பெரிய நடுத்துண்டாகப் பார்த்து என் சோற்றுக் கோப்பையில் போட்டா. குமரனிடம், "நல்ல மீன் மகன்" என்றா. மறுநாள் பெருநாளும் நன்றாகத்தான் நடந்தது. இனிப்பு வட்டிலப்பத்தைக் குமரன் மூன்று தரம் வாங்கித் தின்றான்.

மூன்று மாதத்தில் அவர்கள் போனார்கள். உம்மா பயந்தபடியே முதல் மாரி தறப்பாளுக்குக் கீழேதான் கழிந்தது. வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைக்க நாலு வருசம் எடுத்தது. அதில் உம்மா இருந்தது ஒன்றரை வருசம். அன்று குசினியில் கேட்டதை அவ பிறகு ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது.

கரைத்தீவில் எங்கள் வரிசை இப்போது இல்லை. போனவர்கள் காணியைக் கைமாற்றிவிட, யாரோ எல்லாவற்றையும் ஒன்றாக்கி முள்ளுக்கம்பி அடித்திருக்கிறார். எது எங்கள் வாசல், எது றிஸ்வானின் வாசல் என்று என்னாலேயே பிடிக்க முடியவில்லை. றிஸ்வான் கட்டாரில் பஸ் ஓடுகிறான். குமரன் பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவான், நான் பொங்கலுக்கு அனுப்புவேன். அந்த வெள்ளைச் சட்டையைப் பற்றி ரெண்டு பேருமே கதைப்பதில்லை.

போன மாதம் வாப்பாவைப் பார்க்க மன்னாருக்குப் போயிருந்தேன். இப்போதெல்லாம் முன்கூட்டியே போன் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். உம்மாவின் கபுறடிக்குப் போய் துஆ ஓதிவிட்டுத் திரும்பி நடந்தோம். வாப்பாவுக்கு மூச்சு வாங்கியது, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம் உன்ட உம்மா. இஞ்ச வந்து எவ்வளவு கஸ்டம் பட்டா. ஆனா ஒண்டு மகன், வரமாட்டன் எண்டு ஒரு சொல் சொல்லேல்ல. மனவிருப்பத்தோடதான் வந்தா, என்ன?"

"ஓம் வாப்பா" என்றேன்.