நான் ஜெயித்த ஒரே ஆட்டம்

ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அந்தச் செஸ் போட்டி நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அத்தா மகளுக்காகப் பாத்திரக் கடையைச் சாத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தையும் விட்டுவிட்டு, என்னை வண்டியில் கூட்டிப்போனார். வழியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "எதிர்ல உக்காந்திருக்கறவங்க பேச்சுக் குடுத்துக் கவனத்தைக் கலைப்பாங்க. காதுல வாங்காதே, கண்ணு."

பெண்கள் பிரிவில் எட்டே பேர். எல்லாரும் எல்லாரோடும் ஆடவேண்டும். கடைசி ஆட்டம் எனக்கும் கொட்டச்சேடு என்ற ஊரிலிருந்து வந்த ஓர் அக்காவுக்கும். எஸ்டேட்டில் காப்பி பறிப்பவர்களின் மகள் அவள். சேலத்தில் கல்லூரியில் படித்தாள். ஒன்றில்கூடத் தோற்கவில்லை. இதையும் ஜெயித்தால் அங்கிருந்த ஒரே பரிசு அவளுக்கு; இல்லையென்றால் அடுத்து நிற்பவளுக்கு. நான் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

சீக்கிரமே என்னிடம் ராஜாவும் ஒரு யானையும் சில சிப்பாய்களும்தான் மிச்சம். அவளிடம் ராணியே இருந்தது. ஆனால் இருவருக்குமே ஏறக்குறைய ஒரு நிமிஷம்தான் பாக்கி, அது தீர்ந்தால் தோல்வி. நான் யானையை நகர்த்திவிட்டுக் காத்திருந்தேன். அவள் காயைத் தொடவில்லை. கடிகாரத்தைக் காட்டி மெல்லச் சொன்னாள்: "பட்டனை அமுக்கு, சாமி."

அத்தா சொன்ன பேச்சு இதுதான் என்று நினைத்தேன்.

"உன்ற நேரந்தான் ஓடுது. அமுக்குனாத்தான் நிக்கும்."

கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். "ஏனுங்க சார், இந்த அக்கா பேசிப் பேசித் தொந்தரவு பண்றாங்க."

"பேசுனியாம்மா?"

"ஆமாங்க சார்."

என்ன பேசினாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுக்குத் தண்டனையாக என் நேரத்தில் இரண்டு நிமிஷம் கூட்டிவிட்டு, கடிகாரத்தை அவள் பக்கம் ஓடவிட்டார். அதன்பின் அவள் என் ராஜாவை மூலை மூலையாகத் துரத்தினாள். அவசரத்தில் ஒரு சிப்பாயைத் தட்டிவிட்டு, அதை நிமிர்த்தி வைப்பதற்குள் அவள் நேரம் முடிந்துவிட்டது.

நான் ஜெயித்துவிட்டதாக நடுவர் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளிடம்தானே ராணி இருந்தது? அத்தா என்னைத் தூக்கிக்கொண்டார். அவள் என் கையைக் குலுக்கி, "இனிமே காயை வெச்சதும் அமுக்கிப்போடோணும், மறக்காதே" என்றாள். தோற்றவள் எதற்குப் பாடம் நடத்துகிறாள் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வாசலில் அவள் அம்மா, "பரிசு கெடச்சுதா சாமி?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

வாயைத் திறக்காமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் போதும், என் நேரம் தீர்ந்து பரிசு அவளுடையதாகியிருக்கும். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் இருவரும் ஓடுவதை அத்தாவின் வண்டியிலிருந்து பார்த்தேன். ஜெயித்த பெருமையில் கையை ஆட்டினேன். அவளும் ஓடிக்கொண்டே திரும்பி எனக்குக் கையாட்டினாள்.