மெத்தைக் கடையில் ஆர்டிஸ் தூங்கிப்போன செவ்வாய்க்கிழமை

அமெரிக்காவில், விஸ்கான்சினில் நாற்பது மாடு வைத்துப் பால் கறந்துகொண்டிருந்த மெர்லின் டாலஃப்சன், அந்த வருஷம் மாடுகளுக்கெல்லாம் தண்ணீர் மெத்தை வாங்கிப் போட்டான். தடித்த ரப்பர் பை, உள்ளே தண்ணீர். படுத்து எழும்போது மாட்டுக்கு முழங்கால் தேயாதாம். ஒரு வாரத்தில் மாடுகள் பழகிவிட்டன. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அசை போட்டபடி, மெத்தென்று கிடந்தன.

அவன் மனைவி ஆர்டிஸ் கதவருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடிகாலை நாலரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலரைக்கு ஒரு தடவை. நாற்பத்திரண்டு வருஷக் கறவையில் இடுப்பு இரண்டு பக்கமும் போயிருந்தது.

"மெர்லின், நாம படுக்கிற மெத்தை யாரோடது?"

"நம்மளோடது."

"உங்கம்மாவோடது. அவங்க கல்யாணத்துக்கு வாங்கினது."

"நல்ல மெத்தை. அந்தக் காலத்துக் கம்பிச்சுருள்."

"அதுல ஒரு சுருள் தினம் என் முதுகெலும்பை எண்ணிக்கிட்டிருக்கு. உன் மாடெல்லாம் மிதக்குது."

"நீயும் நாளுக்கு முப்பது லிட்டர் கொடு, உனக்கும் போடறேன்."

அன்று மத்தியானம் மெர்லினுக்கு ஆறிப்போன சூப்தான் கிடைத்தது. அதையும் அவனே போய் ஊற்றிக்கொண்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் லா க்ராஸ் நகரத்துக்குக் கிளம்பினார்கள். அங்கே தண்ணீர் மெத்தை விற்கும் கடை ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. கடைக்காரர் ரஸ்ஸல் தொப்பை போட்டவர். அவசரமே அறியாத நடை.

"ஆளுக்கு எவ்வளவு எடைன்னு சொன்னீங்கன்னா, தண்ணி அளவு சரியா சொல்லிடுவேன்" என்றார்.

"இவன் வெளியே போனப்புறம் சொல்றேன்" என்றாள் ஆர்டிஸ்.

முதலில் காட்டியது, வெறும் பையில் வெறும் தண்ணீர். ஒல்லிக்குச்சி மெர்லின் அதில் ஏறிப் படுத்தான். பிறகு ஆர்டிஸ் படுத்தாள். அவள் பக்கம் அமுங்க, அவன் பக்கம் அலை கிளம்பி, அவன் ஒரே உருளாக அவள் மேல் வந்து விழுந்தான்.

"கல்யாணமான புதுசுல கூட நீ இவ்வளவு வேகமா வந்ததில்ல" என்றாள் அவள்.

மெர்லினால் எழ முடியவில்லை. ரஸ்ஸல் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. இரண்டாவது மெத்தையில் அலை கொஞ்சம் அடங்கியிருந்தது; ஆனால் ஆர்டிஸுக்குத் தலை சுற்றியது. மூன்றாவது, ஜன்னலோரம் கிடந்தது. உள்ளே பஞ்சு அடுக்கு வைத்து அலையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அடியில் சூடேற்றும் தகடு. ஆர்டிஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். இடுப்புக்குக் கீழே இளஞ்சூடு ஏறியது. நல்லாத்தான் இருக்கு என்று சொல்ல வாயெடுத்தாள்.

கண் விழித்தபோது வெயில் ஜன்னலை விட்டுப் போயிருந்தது. மேலே யாரோ பச்சைப் போர்வை போர்த்தியிருந்தார்கள். கால்மாட்டில் முன்பின் தெரியாத கணவனும் மனைவியும் நின்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த மெத்தை எப்படி?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தெரியலையேம்மா, நான் தூங்கிட்டேன்" என்றாள் ஆர்டிஸ். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தங்களுக்கும் அதே மெத்தைதான் வேண்டுமென்று ரஸ்ஸலிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகுதான் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. ஐந்தே முக்கால். கறவை நேரம் தாண்டி ஒன்றேகால் மணி நேரம். இரண்டு பிரசவத்துக்குத் தவிர அவள் ஒரு கறவையையும் விட்டதில்லை. ரஸ்ஸல் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். மெர்லினின் கோழிக்கிறுக்கல்: பால் கறக்கப் போறேன். எழுந்ததும் போன் பண்ணு. அவசரமில்ல.

"அவர் ரொம்ப நேரம் உங்க செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு நின்னாரு" என்றார் ரஸ்ஸல். "நான்தான் எழுப்பட்டுமான்னு கேட்டேன். பகல்ல இவ தூங்கி நான் பார்த்ததே இல்ல, விடுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

ஆர்டிஸ் கொஞ்ச நேரம் செருப்பையே தேடுவது போல் குனிந்திருந்தாள். பிறகு கடைப் போனில் தொழுவத்தைக் கூப்பிட்டாள். கறவை இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் மெர்லின் கத்தினான்.

"கறுப்பிக்கு இடது பின்காம்புல புண்ணு இருக்கு, மெதுவா" என்றாள் அவள்.

"தெரியும். உதைச்சே சொல்லிடுச்சு."

ஆறு மணிக்குப் பூட்ட வேண்டிய கடையை ரஸ்ஸல் திறந்தே வைத்திருந்தார். தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தார். அவள் அந்த மூன்றாவது மெத்தையையே எடுத்துக்கொண்டாள். ஆனால் ஒரே சட்டத்துக்குள் தனித்தனியாக இரண்டு பை.

"அவர் இதுல படுத்துப் பார்க்கவே இல்லையே" என்றார் ரஸ்ஸல்.

"அவன் பலகையில போட்டாலும் தூங்குவான். உருண்டு வரணும்னா, இனிமே மெனக்கெட்டே வரட்டும்."

ஏழரைக்கு மெர்லின் வந்தான். அவனோடு தொழுவ வாசனையும் வந்து கடை முழுக்க நிறைந்தது. வண்டி பாதி தூரம் வந்திருந்தது.

"இன்னிக்குப் பால் பத்து லிட்டர் குறைஞ்சுது" என்றான் அவன்.

"அதனால என்ன ஆச்சு?"

மெர்லின் யோசித்தான். "ஒண்ணும் ஆகலை."

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆர்டிஸ் தொழுவத்துக்குப் போவதில்லை. அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, அப்படியே வழக்கமாகிவிட்டது. முதல் செவ்வாய் அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. நாலரை மணிக்குப் புது மெத்தையில் போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. தூரத்தில் கறவை இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி, மல்லாந்து கிடந்து, ஒரு முழு ஆப்பிளைத் தின்று முடித்தாள்.