மண்ணுக்கு உறை

1998 பங்குனி, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் பேருந்தேறினேன். தொலைவு ஏறத்தாழ எட்டு மைல். கட்டணம் ஏழு ரூபா. தோட்டப் பாடசாலை மாணவருக்குக் காட்டுவதற்கென என் பழைய நுண்ணோக்கியை மடியில் ஏந்தியிருந்தேன். அருகிருந்த பெண்மணியின் மடியில் ஈரச் சாக்கு மூட்டை. அதன்மேல் விரித்த குடை.

“என்னக்கா, ஸ்பிரிங்வெளியில மண்ணு தீந்து போச்சா? மூட்டைய கூரையில போடுங்க,” என்றார் நடத்துநர்.

“நீங்க வேணும்னா ஏறி உக்காருங்க தம்பி. வெயில் பட்டா இது செத்துரும்.”

பேருந்தே சிரித்தது. நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“மண் எப்பிடிச் சாகும், பிள்ளை?”

அவர் பெயர் காமாட்சி. மண்சரிவுக்கு அஞ்சி, லுணுகலைப் பக்கத் தோட்டத்தை விட்டு ஸ்பிரிங்வெளியிலுள்ள தமக்கையிடம் குடிபெயர்ந்தவர்.

“போன வாட்டி இங்க போட்ட போஞ்சியெல்லாம் மஞ்சளா வெளுத்துப் போச்சுங்க ஐயா. பழைய எடத்துல அப்படி ஆனதே இல்ல. இப்ப மிச்சம் ஒரு செரட்டை வெதைதான். அதான் அந்த மண்ணையே எடுத்தாறேன். பாலுக்கு ஒறை ஊத்துறோம்ல, அப்படித்தாங்க.”

பாடசாலைக்குப் போகுமுன் அதைப் பார்க்க விரும்பி அவரோடு இறங்கினேன். பத்தே முக்காலுக்கு அவர்களது லயத்து வரிசைவீடுகளின் பின்புறம் நின்றோம். பட்டுப்போன போஞ்சி அவரைச் செடியொன்றைப் பிடுங்கினேன்; வேர் வெறுமையாயிருந்தது. மூட்டையில் மண்ணோடு வந்த பசுஞ்செடியின் வேரிலோ கடுகளவு முடிச்சுகள். ஒன்றை அரிந்தேன், உள்ளே இளஞ்சிவப்பு, தசையைப் போல. அதன் சாற்றைக் கண்ணாடித் தகட்டில் தடவி நோக்கினேன். எண்ணற்ற நுண்ணுயிர்கள், சிறுகோல்களாய்த் துடித்துக்கொண்டிருந்தன. காற்றின் நைதரசனைப் பற்றிச் செடிக்கு ஊட்டி, செடி தரும் இனிப்பை உண்டு வாழும் பேரூர் அது!

காமாட்சியும் குனிந்து பார்த்தார். “அடியாத்தீ! எங்க லயத்தவிட நெருக்கமால்ல இருக்குதுக!”

வெயில் தாழ்ந்தபின் விதையை அம்மண்ணில் பிசறி ஊன்றினார்.

சித்திரைக் கடைசியில், பாடசாலையில் விட்டுவந்த நுண்ணோக்கியை மீட்கச் சென்றபோது காமாட்சியின் தோட்டத்துக்கும் போனேன். இலைகள் கரும்பச்சை, கொடிகளில் பூ. முடிச்சைக் காணும் ஆவலில் ஒன்றைப் பிடுங்கக் குனிந்தேன். காமாட்சி என் கையைப் பற்றிவிட்டார்.

“பூத்த செடியப் புடுங்குவாங்களா ஐயா? ரொம்பப் படிச்சா இப்படித்தான்!”

பின், தாமே விரலை மண்ணுள் நுழைத்து வேரைத் தடவினார். முகம் மலர்ந்தது.

“இருக்குங்க. குடி வந்துருச்சுங்க.”

பதுளை வீட்டு முற்றத்தில், பூச்சட்டிக்கென நான் தகரத்தில் பரப்பிக் காயவிட்டிருந்த மண் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. முப்பதாண்டு தாவரவியல் கற்பித்தவன் நான். செருப்பைக்கூடக் கழற்றாமல், அத்தகரத்தை நிழலுக்கு இழுத்தேன்.