சேகர் அண்ணனின் அரை மாத்திரை

மார்கழியில் ஒரு காலை, திண்டிவனம் ஸ்டேஷனில் விழுப்புரம் வண்டிக்குக் காத்திருந்தபோது சேகர் அண்ணனின் மகன் எனக்குப் போன் செய்தான். "அப்பா குளிச்சிக்கினு இருக்கும்போதே விழுந்துட்டாருங்க. பேச்சு வரல." மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. பொங்கலுக்கு முன்பே போய்விட்டார். தினமும் அவரோடு அந்த வண்டியில் வேலைக்குப் போய்வந்த நமக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்ததும் அண்ணன் ஒரு கருவி வாங்கினார். தனக்குப் பார்த்ததோடு நில்லாமல், வண்டிக்கே கொண்டுவந்து நம் எல்லார் கையிலும் பட்டையைச் சுற்றினார். யாராவது வாயைத் திறந்தால் அதட்டுவார். "பேசாம உக்காருப்பா. பேசினா ஏறும்." சொல்லிவிட்டு அவர் மட்டும் விக்கிரவாண்டி வரை பேசிக்கொண்டே வருவார்.

போன கத்திரி வெயிலில்தான் வினை தொடங்கியது. அண்ணி தினமும் தூக்கில் கேப்பைக் கூழ் கொடுத்தனுப்பினார். கொஞ்ச நாளில் அழுத்தம் இறங்கி, எழுந்தாலே அண்ணனுக்குத் தலை சுற்றியது. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, மழைக்காலம் தொடங்கியதும் மறுபடி வந்து காட்டச் சொன்னார். மாத்திரை குறைந்ததை அண்ணன் ஊரெல்லாம் சொன்னார். மறுபடி வரச்சொன்னதை நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "டாக்டருக்கு இன்னா, வரச் சொல்லுவாரு. எனக்குத்தான் கூழு இருக்குதே." நம்மில் பாதிப்பேர் அடுத்த வாரமே கூழுக்கு மாறினோம். ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்கக் கூடாதா என்று இப்போது மனம் அடித்துக்கொள்கிறது.

ஐப்பசி மழை வந்தது, போனது. அண்ணன் டாக்டரிடம் போகவில்லை. குணமான நோய்க்குக் கருவி எதற்கு என்று அதைப் பீரோவில் வைத்துவிட்டார். மார்கழி பிறந்ததும் வழக்கம்போல விடியலில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துப் பெருமாள் கோயிலுக்குப் போனார். தலை பாரமாக இருந்ததைப் பனி இறங்கியதாக நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நம்மிடம் பொறுமையாக விளக்கினார். வெயிலில் ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும், அழுத்தம் இறங்கும். குளிரில் சுருங்கும், ஏறும். "அவருக்குக் கொறைச்சது கூழ் இல்லைங்க, வெயில்" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணி, தன் கையால் ஊற்றிக் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லி அழுதார். கூழ் ஒரு கெடுதலும் செய்யவில்லை, பனிக்காலத்திலும் மாத்திரை அரையாகவே நின்றுவிட்டதுதான் தப்பு என்று டாக்டரே அவரைத் தேற்றினார்.

காரியம் முடிந்த அன்று அண்ணி அந்தக் கருவியை என்னிடம் கொடுத்தார். நானும் மாத்திரை சாப்பிடுகிறவன்தான். காலையில் பட்டையைச் சுற்றும்போதெல்லாம் அவருடைய அதட்டல் கேட்கிறது. பேசாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன், அண்ணே. எதிரில் நீங்கள் இல்லாதபோது யாரிடம் பேசுவது?